தொழிற்சாலை டயரை எடைபோடுதல்: புதிய செடான் ஒன்றில் அளந்து பார்த்த பதிவு

150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்றைக் கோயம்புத்தூரில் புதிதாக வாங்கியதும், அதே மாடலை வைத்திருக்கும் பலர் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை, கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு நல்ல டயராகப் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். புத்தம் புதிய டயரைக் கழற்றுவது வீண்செலவு, காரைச் செய்தவர்களுக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சொன்னவர்களும் உண்டு. இரு தரப்பாரும் உறுதியாகப் பேசினார்களே தவிர, எந்த வேகத்தில், எத்தகைய சாலையில், எத்தனை மீட்டரில் கார் நின்றது என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே டயரை மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவைத் தள்ளிவைத்து, முதலில் அதை அளந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். அந்த வேலையில் கையாண்ட முறைகளையும் கிடைத்த எண்களையும் இங்கே பதிவு செய்கிறேன். காரின் பெயரையும் டயரின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. ஒரே மாடல் கார் வெவ்வேறு நிறுவனங்களின் டயர்களோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவருவது வழக்கம் என்பதால், பெயரைவிடச் சோதிக்கும் முறைதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

கார் நிறுவனம் ஒரு டயரை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் கார் நிறுவனங்கள் தாம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் செலவையும் அரசு விதித்த வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். 2017-18இல் தொடங்கிய இந்த விதி 2022-23 முதல் மேலும் இறுகியது. எரிபொருள் சான்றிதழுக்கான சோதனை, மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போகாத ஓட்ட முறை ஒன்றின்படி உருளைகளின்மேல் நடத்தப்படுகிறது. அந்தச் சோதனையில், உருளும் தடை (டயர் உருளும்போது வளைந்து நெளிவதால் வீணாகும் ஆற்றல்) குறைந்த டயர் கைகொடுக்கும். ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயருக்கு அங்கே தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. இதற்குமேல் எடை, இரைச்சல், சொகுசு, தேய்மானம், கொள்முதல் விலை என்று பல தேவைகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே டயரில் உச்சத்துக்குக் கொண்டுபோக இயலாது. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் ரப்பர் கலவையில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்து, உருளும் தடையைக் குறைத்தபோதே ஈரப்பிடிப்பையும் காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதை இன்றும் யாரோ ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை டயரைப் பொறுத்தவரை அந்த முடிவைக் கார் நிறுவனம் எடுத்திருக்கிறது. அது என் சாலைகளுக்கும் நான் ஓட்டும் விதத்துக்கும் பொருந்துகிறதா என்பதுதான் நான் விடை தேடிய கேள்வி.

சோதனையைத் தரையில் மண்டியிட்டு, டயரின் பக்கச்சுவரைப் படிப்பதிலிருந்து தொடங்கினேன். 205/55 ஆர்16 91வி என்று அச்சாகியிருந்தது. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 91 என்ற சுமை எண் ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்ற எழுத்து மணிக்கு 240 கி.மீ. வரை அது தகுதியுடையது என்பதையும் குறிக்கின்றன. இந்த எழுத்தைப் பார்த்து டயர் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவோர் பலர். வேகக் குறியீடு சொல்வது அந்த வேகத்தின் வெப்பத்தை டயர் தாங்கும் என்பதை மட்டுமே. மழையில் அது எப்படி நிற்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்க முறைப்படி அச்சிடப்படும் தேய்மான எண்ணையும் பிடிப்புத் தரத்தையும்கூட அளவோடுதான் நம்ப வேண்டும். அந்தப் பிடிப்புத் தரம், நனைந்த தரையில் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேர்கோட்டில் பூட்டப்பட்ட சக்கரத்தை இழுத்துப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வளைவிலோ தேங்கிய நீரிலோ டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் இல்லை. தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களை நான்கு டயர்களிலும் தேடிப் படித்தேன். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். என் காரில் நான்கும் சில வார இடைவெளிக்குள் பிறந்தவையாகவே இருந்தன. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) ஆழத்தை அளவியால் பார்த்ததில் எல்லா இடத்திலும் 7.5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது.

அடுத்தது காற்றழுத்தம். காரை ஒப்படைத்த மறுநாள் காலை, இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருந்த டயர்களில் அளந்தபோது நான்கிலும் 40 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) மேல் இருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், இருவர் செல்லும்போது 33 என்று எழுதியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பும்போதும், வாரக்கணக்கில் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கும்போதும் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடாமலிருக்க அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும் என்பது பட்டியலில் உள்ள வேலைதான். என் காருக்கு அது நடக்கவில்லை. புதிய காரின் டயர் கல்லாக இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் முதுகு வலிக்கிறது என்று முதல் வாரத்தில் சொல்பவர்களின் குறையில் ஒரு பகுதி இப்படிப்பட்ட மிகைக் காற்றால் வந்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். சொந்தமாக ஒரு நல்ல அழுத்தமானி வாங்கிக்கொள்வதை இந்த வேலைக்கு அடிப்படைத் தேவையாகவே கருதுகிறேன். நான் வழக்கமாகப் போகும் பங்க்குகளில் இரண்டு கருவிகள் ஒரே டயருக்கு மூன்று பி.எஸ்.ஐ. வேறுபாடு காட்டின. டயர் சூடாக இருக்கும்போது அளப்பதும் ஏமாற்றும். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடுகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்திய உடனே காற்றைக் குறைத்தால், மறுநாள் காலை அது தேவைக்குக் கீழே போயிருக்கும்.

காற்றைச் சரிசெய்த பின் வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த இளைஞர் ஓடோமீட்டரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், நேத்து எடுத்த வண்டிக்கு எதுக்குங்க அலைன்மென்ட்?" என்று கேட்டார். கருவியில் ஏற்றியபோது முன்சக்கரங்களின் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) அனுமதிக்கப்பட்ட வரம்பின் விளிம்பில் நின்றதைக் கண்டு அவரே அக்கறையாக அதை நடுமதிப்புக்குக் கொண்டுவந்தார். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் டயரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. நேர்சாலையில் கார் ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டீயரிங் நடுவில் உயிரில்லாமல் இருப்பதும், ஓரப் பட்டன்கள் சீக்கிரம் தேய்வதும் டயரின் குணமாகவும் இருக்கலாம், சக்கரத்தின் கோணமாகவும் இருக்கலாம். ஒன்றை விலக்கினால்தான் மற்றொன்று தெரியும்.

புது டயரின் மேற்பரப்பில், அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் பொருளின் எச்சம் இருக்கும். அது தேய்ந்து போகும்வரை பிடிப்பு முழுமையாக வராது. பட்டன்களும் சில நூறு கிலோமீட்டர் உழைத்த பிறகுதான் தம் இயல்புக்கு வருகின்றன. அதனால் முதல் 500 கி.மீ. வரை எதையும் அளக்காமல் நிதானமாகவே ஓட்டினேன்.

அதன்பின் சேலம் நெடுஞ்சாலையில் கவனித்தவை இவை. இரைச்சல் குறைவு, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இயந்திர ஒலியை நீக்கிக் கேட்டபோதும், வழவழப்பான தார்ச்சாலையில் டயர் ஒலி காற்றொலிக்குள் அடங்கியிருந்தது. சரளை தெரியும் கரடான பரப்பில் மட்டும் தாழ்ந்த உறுமல் ஒன்று எழுந்தது. பாலங்களின் இணைப்புகளைக் கடப்பது மென்மையாக இருந்தது. குறை தெரிந்த இடம் ஸ்டீயரிங். தடம் மாறுவதற்காகச் சற்றே திருப்பினால் முதல் கணத்தில் ஒன்றும் நிகழாமல், பிறகு காரின் மூக்கு திரும்பியது. பக்கச்சுவர் வளைந்து கொடுத்த பிறகே பட்டன்கள் தரையைத் தள்ளத் தொடங்குகின்றன என்பது இதன் பொருள். நகரத்தில் இது யாருக்கும் தொல்லை தராது. ஆனால் வேகமாக ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு காரில், ஓட்டுபவருக்கும் சாலைக்கும் இடையே ஒரு திரை தொங்குவதுபோல் இருந்தது.

இந்த உணர்வை எண்ணாக மாற்ற வேண்டும் என்று விரும்பினேன். பொதுச்சாலையில் டயரின் எல்லையைத் தேடுவது பிறர் உயிரோடு விளையாடுவது. அதை நான் செய்யவில்லை, யாரும் செய்யக்கூடாது என்றும் அழுத்திச் சொல்வேன். நண்பர் ஒருவரின் நூற்பாலை வளாகத்துக்குள், லாரிகள் வந்து திரும்புவதற்காகப் போடப்பட்ட அகலமான தார்த்தளமும் அதனோடு சேர்ந்த நீண்ட நேர்ப்பாதையும் இருந்தன. விடுமுறை நாளில் வாயிலை மூடிவிட்டு, ஆட்களை ஓரமாக நிறுத்தி அங்கே சோதித்தோம்.

முதல் சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு கயிறு, சாக்பீஸ், நிறுத்தக் கடிகாரம் மட்டுமே. 15 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, காரின் நடுப்பகுதி அந்தக் கோட்டின்மேல் செல்லுமாறு, நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு (கார் வழுக்குவதைக் கணினி தடுக்கும்போது எரிவது) மின்னத் தொடங்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வேகத்தை நிறுத்தி ஓட்டினேன். வெளியே நின்ற நண்பர் ஒரு சுற்றுக்கான நேரத்தை எடுத்தார். வட்டத்தின் ஆரமும் ஒரு சுற்றின் நேரமும் தெரிந்தால் பக்கவாட்டு முடுக்கம் தெரிந்துவிடும். 15 மீட்டர் ஆரத்துக்கு, 592ஐச் சுற்று நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும்; அதை மேலும் 9.8ஆல் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தில் எத்தனை பங்கு என்று வரும். தொழிற்சாலை டயரில், 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், இடச்சுற்றும் வலச்சுற்றும் சராசரியாக 8.7 வினாடி வந்தன. அது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.80 பங்கு.

அதே சோதனையின்போது டயரின் தோள்பகுதியில், பட்டன்களின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் இழுத்திருந்தேன். பந்தய ஓட்டுநர்கள் காலங்காலமாகக் கையாளும் எளிய முறை இது. சுற்றி முடித்ததும் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு தூரம் தன் பக்கவாட்டின்மேல் உருண்டது என்பது தெரியும். பக்கச்சுவரில் தேய்மானக் குறி இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு முக்கோணத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். என் காரின் வெளிப்பக்க முன்டயரில் சாக்பீஸ் அந்த முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தது. 35 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி மறுபடி ஓட்டியபோது முக்கோணத்தின் அளவிலேயே நின்றது. சுற்று நேரம் 8.6 வினாடிக்கு இறங்கியது. ஸ்டீயரிங்கின் தயக்கமும் ஓரளவு குறைந்தது. 37க்கு ஏற்றியதில் மேலும் ஆதாயம் எதுவும் இல்லை, சிறு மேடுகளில் கார் துள்ளியது மட்டுமே மிச்சம். ஆகவே முன்சக்கரங்களுக்கு 35 என்று நிலைநிறுத்தினேன். முழுச்சுமைக்கு அந்தத் தாளில் குறிக்கப்பட்டுள்ள அழுத்தத்துக்கு அது உட்பட்டதே. இந்த இரண்டு பி.எஸ்.ஐ. காற்றுக்குப் பைசா செலவில்லை. டயரை மாற்ற எண்ணுகிறவர்கள் அதற்கு முன் இதைச் செய்து பார்த்தால், சிலருக்கு மாற்ற வேண்டிய தேவையே எழாமல் போகலாம்.

பிரேக் சோதனைக்குக் கைப்பேசி போதாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடியில் 16.7 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு ஒரு முறை இடத்தைக் குறிக்கும் கருவியை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. வினாடிக்குப் பத்து முறை பதியும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். குறிக்கப்பட்ட வேகத்தைவிடச் சற்று அதிகமாகச் சென்று பிரேக்கை முழுவதும் அழுத்தி, வேகம் அந்த அளவைக் கடந்து இறங்கும் கணத்திலிருந்து நிற்கும்வரை உள்ள தூரத்தை எடுத்துக்கொண்டால், காலின் தாமதம் கணக்கில் வராது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருப்பதால் ஓட்டுபவரின் திறமையும் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே பிரேக் ஆறும்படி மெதுவாகச் சுற்றிவந்தேன்.

உலர்ந்த தளத்தில், மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து நிற்க 28 மீட்டர் ஆயிற்று. இது குறை சொல்ல முடியாத எண். வேகத்தின் வர்க்கத்தையும் நின்ற தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.9 என்று வருகிறது. குடும்பக் கார் டயருக்கு அது நல்ல மதிப்பு. இந்த டயர் எதற்கும் உதவாது என்று எனக்குச் சொல்லப்பட்டது உலர்ந்த சாலையைப் பொறுத்தவரை உண்மையில்லை என்பது இங்கே தெளிவாயிற்று.

பிறகு தண்ணீர் லாரியை வரவழைத்து அதே பாதையை நனைத்தோம். தேங்கி நிற்காமல், தார் முழுவதும் மெல்லிய படலமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். வேகத்தை 60ஆகக் குறைத்துக்கொண்டேன். நின்ற தூரம் 24 மீட்டர், கெழு 0.59. உலர்ந்த தரையில் 0.9 கொடுத்த டயர் நனைந்ததும் தன் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. எந்த டயரும் ஈரத்தில் இழக்கத்தான் செய்யும். ஆனால் இந்த அளவு இழப்பு எனக்குக் கவலை தந்தது, ஏ.பி.எஸ். மிதியை உதைத்துக்கொண்டே இருக்க, கார் நிற்க மனமில்லாமல் நீண்டு சென்றது. வட்டச் சோதனையை ஈரத்தில் செய்தபோதும், முன்சக்கரங்கள் முன்னறிவிப்பு அதிகம் தராமல் வெளியே வழுக்கின. படிப்படியாகத் தளர்ந்து ஓட்டுபவரை எச்சரிக்கும் டயரையே நான் விரும்புவேன். சட்டென்று கைவிடும் டயர், எண்ணில் ஒன்றாகவே இருந்தாலும், சாலையில் ஆபத்து மிகுந்தது.

தேங்கிய நீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டயருக்கும் தரைக்கும் இடையே தண்ணீர் ஆப்பாக நுழைந்து டயரைத் தூக்கிவிடும் வேகத்தை, விமான டயர்களை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் கணித்தார்கள். பி.எஸ்.ஐ. அளவிலான காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு ஏறத்தாழ 96 கி.மீ.; காற்று 26க்கு இறங்கிய டயருக்கு 85 கி.மீ. கார் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதால் உண்மை நிலை சற்று மாறும், பட்டன் தேயத் தேய இந்தக் கணக்கை நெருங்கும். ஐப்பசி மழையில் ஆறுவழிச் சாலையில் நூறுக்கு மேல் ஓட்டுகிறவர்கள் அனைவரும் இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதை வளாகத்துக்குள் சோதிக்க வழியில்லை. தொழிற்சாலை டயரின் நான்கு நீள்பள்ளங்கள் போதிய அகலமாகவே இருந்தன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இத்தனைக்கும் பிறகும் நான் உடனே மாற்றிவிடவில்லை. என் ஓட்டம் நகரத்தோடும் கோடைகால நெடுஞ்சாலையோடும் நின்றிருந்தால், 35 பி.எஸ்.ஐ.யோடு இந்த டயரை அதன் ஆயுள் முடியும்வரை வைத்திருப்பேன். ஆனால் வேலை காரணமாக ஆண்டு முழுவதும் வால்பாறைக்குப் போய்வருகிறேன். ஆழியாற்றிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் தார் காய்வதே இல்லை. மேலேயுள்ள சின்னக்கல்லாறு இந்தியாவிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. மழைக்காலத்தில் அங்கே இறங்கும்போது, பேருந்துகள் சிந்திய டீசலும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வழிந்த செம்மண்ணும் கலந்த வளைவுகளில், நடைவேகத்துக்குச் சற்று மேலே போகும்போதே நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு மின்னியதைப் பலமுறை பார்த்தேன். 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முன்சக்கரங்கள் இரண்டுக்கும் போகிற காரில், ஏற்றத்தில் வளைவைவிட்டு வெளிவரும்போது சக்கரம் சுழல்வதும் அடிக்கடி நிகழ்ந்தது. வளாகத்தில் தண்ணீர் லாரி காட்டிய குறையும் மலையில் நான் கண்டதும் ஒன்றாகவே இருந்தன. அதனால் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

எந்த அளவை எடுப்பது என்பதில் நிறைய யோசித்தேன். அகலம் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 225/50 ஆர்16 எடுத்தால் மொத்த விட்டம் 631 மில்லிமீட்டர். தொழிற்சாலை அளவின் விட்டமான 632ஓடு அது ஒத்துப்போகும், வேகமானியும் பிறழாது. 215/55 ஆர்16 எடுத்தால் விட்டம் 643ஆகி, ஏறக்குறைய 1.7 விழுக்காடு பெரிதாகிவிடும். ஆனால் எனக்கு வேண்டியது ஈரப்பிடிப்பு. அகலமான டயர் தண்ணீரை ஒதுக்க அதிகம் உழைக்க வேண்டும், உருளும் தடையும் எடையும் கூடும். பிடிப்பு அகலத்தைவிட ரப்பர் கலவையிலும் பட்டன் அமைப்பிலும்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பதால், அதே 205/55 ஆர்16 அளவிலேயே, அதே சுமை எண்ணோடும் குறையாத வேகக் குறியீட்டோடும், ஐரோப்பியத் தரப்பட்டையில் ஈரப்பிடிப்புக்கு மிக உயர்ந்த ஏ வகுப்புப் பெற்ற டயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நான்குக்கும் சேர்த்துப் பொருத்துக்கூலி, பேலன்சிங் உட்பட 35,000 ரூபாயை ஒட்டிச் செலவாயிற்று. இரண்டை மட்டும் மாற்றிச் செலவைப் பாதியாக்கலாமே என்று கடைக்காரர் கேட்டார். முன்பக்கம் நன்றாகப் பிடித்து, பின்பக்கம் வழுக்கும் கார் ஈரவளைவில் பின்னாலிருந்து சுழன்றுவிடும். இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் நல்லவற்றைப் பின்னால் போட வேண்டும். என் தேவையோ முன்பக்கத்துப் பிடிப்பு. ஆகவே நான்கையும் மாற்றினேன்.

புதியவற்றுக்கும் 500 கி.மீ. பழக்கம் கொடுத்து, அலைன்மென்டைச் சரிபார்த்து, அதே வளாகத்தில், அதே லாரித் தண்ணீரோடு, அதே அழுத்தத்தில் மறுபடி அளந்தேன். உலர்ந்த தளத்தில் 80லிருந்து நிற்க 26.5 மீட்டர், முன்னேற்றம் உண்டு, பெரிதில்லை. நனைந்த தளத்தில் 60லிருந்து நிற்க 20.5 மீட்டர். மூன்றரை மீட்டர்தானே என்று தோன்றலாம். புதிய டயரோடு கார் நின்றுவிட்ட அந்த இடத்தில், பழைய டயரோடு அதே கார் இன்னும் மணிக்கு 23 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குறுக்கே வந்த ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த இடைவெளியில் இருக்கிறது. வட்டச் சோதனையில் உலர்ந்த தளத்தில் 8.3 வினாடி, அதாவது 0.88 பங்கு. ஈரத்தில் வழுக்கத் தொடங்கும் முன் ஸ்டீயரிங் இலேசாவது கைக்குத் தெரிந்தது. அதை எண்ணால் காட்ட இயலாவிட்டாலும், மலைச்சாலையில் எனக்கு அதிகம் பயன்படுவது அதுதான்.

இழந்தவற்றையும் அதே கண்டிப்போடு அளந்தேன். சமதளமான ஒரு நேர்சாலையில், விடியலில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், நியூட்ரலில் 60லிருந்து 40க்கு வேகம் தானாக இறங்க எடுக்கும் நேரத்தை இரு திசையிலும் குறித்துச் சராசரி எடுப்பது உருளும் தடையை ஒப்பிடுவதற்கு எளிய வழி. தொழிற்சாலை டயரில் 33 வினாடி, புதியதில் 30. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்துவந்த கார் இப்போது 17க்குச் சற்று மேல் கொடுக்கிறது. சரளைப் பரப்பில் இரைச்சல் குறைந்திருக்கிறது. வழவழப்பான சாலையில் முன்பைவிட ஒரு மெல்லிய ஒலி கூடியிருக்கிறது. பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் பள்ளங்களின் விளிம்பு முன்பைவிட நன்றாகவே தெரிகிறது. தொழிற்சாலை டயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பாதுகாக்க முனைந்தார்கள் என்பது இந்த மூன்றிலும் வெளிப்படுகிறது; அவர்கள் தங்கள் வேலையைச் செம்மையாகவே செய்திருக்கிறார்கள்.

கழற்றிய நான்கையும் கடையில் கழிவுவிலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் மீதமிருந்தது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். திருப்பூரில் அதே மாடல் காரை வைத்து, வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையே மட்டும் ஓட்டும் ஒருவர், தன் டயர்களில் இரண்டு கல்லில் கிழிந்துவிட்டதால் அவற்றை வாங்கிக்கொண்டார். பக்கச்சுவரில் வீக்கமோ வெட்டோ இல்லை என்பதை இருவருமாகச் சேர்ந்து பார்த்தோம். ஈரத்தில் 24 மீட்டர் என்ற கணக்கையும் 35 பி.எஸ்.ஐ. என்ற அழுத்தத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

புதிய டயரின் ஈரப்பிடிப்பு புதிதாக இருக்கும்போது எடுத்த அளவு மட்டுமே இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டன் நான்கு மில்லிமீட்டருக்கு இறங்கியதும் அதே வளாகத்தில் அதே சோதனையை மீண்டும் செய்து, 20.5 என்ற எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 24ஐத் தொட்டுவிட்டால், 1.6 வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடுவேன்.